ஆசியான் கிண்ணமா, ஆசியக் கிண்ணமா?

2025 நவம்பர் 18ஆம் தேதி ஹாங்காங்கின் கை டாக் அரங்கில் சிங்கப்பூர் 2-1 என்று ஜெயித்ததிலிருந்து, சிங்கப்பூரின் தேக்கா பக்கம் காற்பந்து பேசும் மேசைகளில் ஒரே வாதம்தான். பின்தங்கியிருந்த ஆட்டத்தில் ஷவால் அனுவாரும் இல்ஹான் ஃபாண்டியும் ஆளுக்கொரு கோல் போட்டு, சவூதி நடத்தும் 2027 ஆசியக் கிண்ணத்தில் சிங்கப்பூருக்கு இடம் பிடித்துவிட்டார்கள். தகுதிச் சுற்றில் ஆடி இந்த இடத்தை நாம் சம்பாதித்தது இதுவே முதல் முறை. "இனிமேல் ஆசியான் கிண்ணத்தை இளையர் அணியிடம் கொடுத்துவிட்டு, சவூதிக்குத் தயாராக வேண்டியதுதானே" என்கிறது ஒரு கூட்டம். "நாலு தடவை தூக்கிய கிண்ணத்தை விட்டுவிட்டு அங்கே போய் என்ன செய்யப் போகிறோம்" என்கிறது இன்னொரு கூட்டம். நான் இரண்டாவது கூட்டத்தோடு உட்காருகிற ஆள். ஆனால் அவர்கள் சொல்லும் காரணம் எனக்குப் போதாது.

யார் எதை நடத்துகிறார்கள் என்பதை முதலில் பிரித்துவிடலாம். ஆசியக் கிண்ணம், கோலாலம்பூரைத் தலைமையகமாகக் கொண்ட ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் போட்டி. 1954இல் தொடங்கிய அந்த அமைப்பில் இப்போது 47 உறுப்பினர்கள். ஆசியான் கிண்ணத்தை நடத்துவது அதற்குள்ளேயே இருக்கும் தென்கிழக்காசிய வட்டார அமைப்பு: 1984இல் பிறந்த ஆசியான் காற்பந்துச் சம்மேளனம், 12 உறுப்பினர்கள். அந்த 12இல் ஆஸ்திரேலியாவும் உண்டு. ஆனால் அவர்கள் தங்கள் ஆண்கள் முதன்மை அணியை இந்தக் கிண்ணத்துக்கு ஒரு முறைகூட அனுப்பியதில்லை. கல்யாணப் பத்திரிகையில் பெயர் இருக்கும், பந்தியில் ஆள் இருக்காது என்கிற கதை. கிண்ணத்தின் பெயரும் விளம்பரதாரருக்குத் தகுந்தபடி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1996இல் சிங்கப்பூரில் டைகர் பீர் பெயரில் ஆரம்பித்து, சுசுக்கி, மிட்சுபிஷி எலக்ட்ரிக் என்று போய் இப்போது ஹுண்டாய். நான் ஆசியான் கிண்ணம் என்றே எழுதுகிறேன்.

முதல் கூட்டத்தின் வலுவான வாதம் தரவரிசை. அதில் அவர்கள் சொல்வது சரிதான். ஃபிஃபா ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு மதிப்பெண் எடை வைத்திருக்கிறது. தேசிய அணிகளுக்கென்று ஃபிஃபா ஒதுக்கிய நாள்காட்டிக்கு வெளியே நடக்கும் நட்புமுறை ஆட்டத்துக்கு 5, ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றுக்கு 25, ஆசியக் கிண்ணத்தின் பிரிவு ஆட்டங்களுக்கு 35. ஆசியான் கிண்ணம் இத்தனை காலமும் அந்த நாள்காட்டிக்கு வெளியே நடந்ததால் அடிமட்டமான அந்த 5தான் அதற்குக் கிடைத்தது. சம பலமுள்ள அணியை வென்றால் எடையில் பாதி நம் கணக்கில் சேரும். அதாவது ஆசியான் கிண்ணத்தில் இரண்டரைப் புள்ளி, தகுதிச் சுற்றில் பன்னிரண்டரை, ஆசியக் கிண்ணத்தில் பதினேழரை. தரவரிசைக்காக மட்டும் விளையாடுவது என்றால், ஆசியான் கிண்ணத்தில் வியர்வை சிந்துவதே வீண்.

நாள்காட்டிச் சிக்கல் அதோடு முடிவதில்லை. ஃபிஃபா ஒதுக்கிய நாட்களில் நடக்காத போட்டிக்கு ஆட்டக்காரர்களை அனுப்பியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அவர்கள் ஆடும் கிளப் குழுக்களுக்குக் கிடையாது. அதனால் டிசம்பர் வந்தாலே ஒவ்வொரு பயிற்றுநரும் குழுக்களின் வாசலில் கெஞ்சிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. 2024 பதிப்பில் இந்தோனேசியா கிட்டத்தட்ட முழுக்க 22 வயதுக்குட்பட்டவர்களைத்தான் அனுப்பியது. பிரிவுச் சுற்றோடு வீட்டுக்குப் போனது. இளையர்களிடம் விட்டுவிடலாம் என்பவர்கள் அந்த அனுபவத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது.

சரி, இந்தப் பக்கத் தட்டில் என்ன இருக்கிறது? 1998 இருக்கிறது.

அந்த ஆண்டு போட்டி வியட்னாமில் நடந்தது. ஹோ சி மின் நகரில் தாய்லாந்துக்கும் இந்தோனேசியாவுக்கும் கடைசிப் பிரிவு ஆட்டம். இரண்டு அணிகளும் அரையிறுதிக்கு ஏற்கெனவே தேறிவிட்டன. ஜெயிக்கும் அணி ஹனோய் போய், சொந்த மண்ணில் ஆடும் வியட்னாமைச் சந்திக்க வேண்டும். தோற்கும் அணிக்கு அதே ஊரில் சிங்கப்பூரோடு ஆட்டம். இரண்டு பேருக்குமே சிங்கப்பூர்தான் வேண்டும்! கடைசியில் இந்தோனேசியாவின் முர்ஷித் எஃபெண்டி, தடுக்க வந்த தாய்லாந்துக்காரர்களையும் தாண்டி, வேண்டுமென்றே தன் வலைக்குள் பந்தை அடித்தார். அனைத்துலகக் காற்பந்தில் அவருக்கு வாழ்நாள் தடை. இரண்டு சங்கங்களுக்கும் அபராதம். அப்படி ஆசைப்பட்டுத் தேடிக்கொண்ட சுலபமான எதிரி இந்தோனேசியாவை 2-1 என்று வென்று வெளியே அனுப்பியது. தாய்லாந்து ஹனோயில் 0-3 என்று தோற்றது. இறுதியாட்டம் அதே ஹனோயில், வியட்னாம் ரசிகர்களின் கடலுக்கு நடுவே. ஃப்ரீ கிக்கிலிருந்து வந்த பந்து நம் தற்காப்பு ஆட்டக்காரர் ஆர். சசிகுமாரின் தோளிலோ முதுகிலோ பட்டு உள்ளே போனது. எங்கே பட்டது என்று இன்னும் தகராறு உண்டு, கோல் என்பதில் தகராறு இல்லை. 1-0. சிங்கப்பூரின் முதல் பெரிய அனைத்துலகக் கிண்ணம். அதை எடுத்துக் கொடுத்தவர் ஒரு தமிழர் என்பதில் எனக்குக் கொஞ்சம் கூடுதல் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

அப்புறம் 2004, 2007, 2012. மூன்றுமே பயிற்றுநர் ராடி அவ்ராமோவிச் காலத்தில் வந்தவை. 2004 முதல் அரையிறுதியும் இறுதியாட்டமும் இரண்டு கட்டமாக, ஒன்று நம் ஊரில், ஒன்று அவர்கள் ஊரில் என்று மாறின. என்னைப் பொறுத்தவரை இந்தக் கிண்ணத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. 2007 இறுதியாட்டத்தின் முதல் கட்டம் காலாங்கில், பழைய தேசிய விளையாட்டரங்கில். ஆட்டம் 1-1 என்று முடியப்போகும் நேரத்தில் நமக்கொரு பெனால்டி. தாய்லாந்து ஆட்டக்காரர்கள் கோபத்தில் திடலை விட்டே வெளியேறிவிட்டார்கள். கால் மணி நேரம் போல ஆட்டம் நின்றது. பிறகு வந்தார்கள், பெனால்டி கோலானது, 2-1. அந்தச் சூட்டோடு நாலு நாளில் பாங்காக்கில் இரண்டாவது கட்டம். பின்தங்கியிருந்த சிங்கப்பூருக்கு கைருல் அம்ரி சமன் செய்து கொடுத்ததில் மொத்தம் 3-2. ஒரே அரங்கில் ஒரே இரவில் முடியும் இறுதியாட்டத்தில் பழிக்குப் பழி வாங்க அவகாசமே இல்லை. இங்கே ஒவ்வோர் ஆட்டமும் அடுத்த ஆட்டத்துக்குக் கடன் வைத்துவிட்டுப் போகிறது.

2018 முதல் பிரிவுச் சுற்றும் அப்படித்தான்: நாலு ஆட்டத்தில் இரண்டு சொந்த ஊரில், இரண்டு வெளியூரில். 2020 பதிப்பை மட்டும் கொவிட் காரணமாகத் தள்ளிவைத்து, 2021 டிசம்பரில் முழுவதையும் சிங்கப்பூரிலேயே நடத்தினார்கள். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் இரவு இந்தோனேசியாவுடன் நடந்த அரையிறுதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூன்று சிவப்பு அட்டை, எட்டுப் பேரோடு போராட்டம், தடுக்கப்பட்ட பெனால்டி, கடைசியில் கூடுதல் நேரத்தில் 2-4 தோல்வி. ஜெயித்த சில ஆட்டங்களைக்கூட இவ்வளவு பேர் பேசுவதில்லை.

ஆசியக் கிண்ணத்துக்கு வருவோம். இதற்கு முன்பு நாம் அதில் ஆடியது 1984இல், போட்டியை நடத்திய நாடு என்ற முறையில். பத்து அணிகள். இந்தியாவை 2-0 என்று வென்றோம், ஈரானோடு 1-1 சமன், சீனாவிடமும் ஐக்கிய அரபுச் சிற்றரசுகளிடமும் தோல்வி. காலாங் இறுதியாட்டத்தில் சீனாவை 2-0 என்று வென்று சவூதி தன் முதல் ஆசியக் கிண்ணத்தைத் தூக்கியது. இப்போது 24 அணிகள். பிரிவில் மூன்றாவதாக வரும் அணிகளில் நாலுக்கும் அடுத்த சுற்றில் இடம் உண்டு. ஆக, ஒரு வெற்றி கிடைத்தால்கூட நம்பிக்கை வைக்கலாம். 'போய் என்ன செய்யப் போகிறோம்' என்று உதறித் தள்ளுகிற அளவுக்கு அது எட்டாக்கனி இல்லை.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஆசியக் கிண்ணத்தில் நமக்கு ருசியான பகுதி ஏற்கெனவே முடிந்துவிட்டது. அது தகுதிச் சுற்று. டாக்காவில் பங்ளாதேஷை 2-1 என்று வென்றது, அக்டோபரில் இந்தியா இங்கே வந்து கடைசி நேரத்தில் 1-1 ஆக்கியது, சில நாள் கழித்து கோவாவில் சோங் உய் யங்கின் இரண்டு கோல்களில் நாம் 2-1 என்று திருப்பிக் கொடுத்தது, கை டாக்கில் முடித்தது. எல்லாமே நம் ஊர், அவர்கள் ஊர் என்ற ஏற்பாடு. (இந்தியாவுடன் ஆட்டம் என்றால் நம் வீடுகளில் யாருக்குக் கைதட்டுவது என்று ஒரு தலைமுறைச் சண்டை நடக்கும். அது தனிக் கதை.) பிரிவில் முதலிடம் பிடிக்கும் ஒரே அணிக்குத்தான் இடம் என்பதால் ஒவ்வோர் ஆட்டமும் கழுத்தில் கத்தி. சவூதியில் நடக்கப்போவது பொது அரங்கில் மூன்று ஆட்டம்; பெரும்பாலோர் தொலைக்காட்சியில்தான் பார்ப்போம்.

தென்கிழக்காசிய விளையாட்டுகளைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். ஆண்கள் காற்பந்தில் நமக்கு இதுவரை தங்கமே இல்லை. 1983, 1985, 1989 வெள்ளிதான் உச்சம். 2001 முதல் அது இளையர் போட்டி. 2015இல் சொந்த ஊரிலேயே பிரிவுச் சுற்றைத் தாண்டவில்லை. அதைத் தங்க வேட்டையாகப் பார்ப்பதை விட்டுவிட்டு நாற்றங்காலாக வைத்துக்கொண்டால் போதும். அதற்கு நல்ல உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. மலேசியாவின் கே. ராஜகோபால் 2009இல் இளையர்களைக் கொண்டு லாவோசில் தங்கம் வென்றார். அந்தப் பையன்களில் பலரை அப்படியே வளர்த்து, 2010இல் இந்தோனேசியாவை மொத்தம் 4-2 என்று சாய்த்து மலேசியாவுக்கு அதன் ஒரே ஆசியான் கிண்ணத்தையும் வாங்கிக் கொடுத்தார். இளையர்களை ஆசியான் கிண்ணத்துக்கு அனுப்ப வேண்டும் என்பவர்கள் வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள்.

குழு அளவிலும் இதே இழுபறி உண்டு, ஆனால் அங்கே என் தீர்ப்பு வேறு. 2025 மே மாதம் பீஷான் அரங்கில் ஆசியச் சாம்பியன்ஸ் லீக் டூ இறுதியாட்டம் வரை நம் ஊர்க் குழுவான லயன் சிட்டி செய்லர்ஸ் போய் ஷார்ஜாவிடம் 1-2 என்று தோற்றதற்குப் பக்கத்தில், ஆசியான் குழுப் போட்டி இன்னும் வெளிறித்தான் தெரிகிறது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு 2024இல்தான் அது மறுபடி உயிர் பெற்றது.

இப்போது மூன்றாவதாக ஒரு கடை திறக்கிறார்கள். 2025 அக்டோபரில் கோலாலம்பூரில் நடந்த ஆசியான் உச்சநிலை மாநாட்டின்போது, 'ஃபிஃபா ஆசியான் கிண்ணம்' என்ற புதிய போட்டியை ஃபிஃபா தலைவர் இன்ஃபன்டினோ அறிவித்தார். ஃபிஃபா நாள்காட்டிக்குள் நடக்கும், அதனால் குழுக்கள் ஆட்டக்காரர்களை விடுவித்தே ஆகவேண்டும். வட்டாரச் சம்மேளனம் முப்பது ஆண்டாகத் தீர்க்க முடியாமல் இருந்த நோய்க்கு மருந்து இது. சம்மேளனமும் சும்மா இருக்கவில்லை. 2026 பதிப்பை டிசம்பரிலிருந்து ஜூலை, ஆகஸ்டுக்கு மாற்றியது.

எனக்குப் பயம் வேறோர் இடத்தில். புதிய போட்டிக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படுவது அரபுக் கிண்ணம். ஃபிஃபா நடத்திய அரபுக் கிண்ணங்கள், 2021உம் 2025உம், முழுக்க கத்தாரில் நடந்தவை. ஒரே நாட்டில் வைத்து சில வாரத்தில் முடித்தால் ஒளிபரப்புக்கு வசதி, விளம்பரதாரருக்கு வசதி. ஆனால் பேருந்து பிடித்துக் கடற்பாலம் தாண்டி கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் அரங்கில் போய் உட்கார்ந்து, 2023 ஜனவரியில் மலேசியாவிடம் 1-4 என்று அடிவாங்கி வந்ததற்கும், 2024 டிசம்பரில் அதே அரங்கில் 0-0 என்று கட்டிப்போட்டு அரையிறுதிக்குப் போனதற்கும் அங்கே இடமிருக்காது. நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாரும் வருவார்கள், பகை வராது.

ஆகவே என் தேர்வு ஆசியான் கிண்ணம்: இரண்டு கட்ட ஏற்பாட்டோடும், நம் முழு அணியோடும். அதைச் சொல்லும்போது 2012க்குப் பிறகு நாம் இறுதியாட்டத்தையே எட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தாய்லாந்து ஏழு முறை, வியட்னாம் மூன்று முறை என்று கணக்கு வளர்ந்துவிட்டது. அவ்ராமோவிச் காலத்தில் வெளிநாட்டில் பிறந்து குடியுரிமை பெற்றவர்களை நாம் சேர்த்துக்கொண்டபோது அண்டை நாட்டினர் முணுமுணுத்தார்கள். இன்று அவர்கள் அதே வேலையை நம்மைவிடப் பெரிதாகச் செய்கிறார்கள்.

இன்னொன்று, சொந்த ஊர் ஆட்டம் என்றால் சொந்த ஊராகவும் இருக்க வேண்டும். 2024 அரையிறுதியின் முதல் கட்டம் 55,000 பேர் கொள்ளும் தேசிய விளையாட்டரங்கில் நடக்கவில்லை; செயற்கைப் புல் விரித்த ஜாலான் புசாரில் நடந்தது. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போகலாம், எனக்குப் பிடித்த அரங்கு, 2012 இறுதியாட்டத்தின் முதல் கட்டத்தில் தாய்லாந்தை 3-1 என்று வென்றதும் அங்கேதான். ஆனாலும் சில ஆயிரம் இருக்கைகள்தான். வியட்னாமுக்கு எதிராகத் தொண்ணூறு நிமிடமும் 0-0 என்று தாக்குப்பிடித்துவிட்டு, காயத்துக்காகச் சேர்த்த நேரத்தில் பத்து நிமிடம் தாண்டியபின் இரண்டு கோல் வாங்கினோம். நிரம்பிய காலாங்காக இருந்திருந்தால் அந்தக் கடைசி நிமிடங்கள் எப்படிப் போயிருக்கும் என்று அடுத்த அரையிறுதிக்கு அரங்கை முன்பதிவு செய்கிறவர்கள் யோசிக்கட்டும்.