விறைத்த கால்களோடு கும்பகோணம் வரை

அப்பாவின் நடையை ஊரார் ‘வாதம்’ என்று சொல்லி முடித்துவிட்டார்கள். சிங்கப்பூரில் எனக்கு மரபணுப் பரிசோதனை நடந்த பிறகுதான், அவரிடமிருந்து எனக்கும் அண்ணனுக்கும் வந்திருப்பது எஸ்பிஜி 4 வகைப் பரம்பரைக் கால்விறைப்பு நோய் என்று தெரிந்தது. மூளையின் கட்டளையைத் தண்டுவடம் வழியாகக் கொண்டுசெல்லும் நீண்ட நரம்பிழைகள் மெல்ல மெல்ல நலிவதால், கால்கள் பலம் குறைவதோடு இறுகவும் செய்கின்றன. பெற்றோரில் ஒருவருக்கு இது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கு 50 சதவீத வாய்ப்பு உண்டு.

2025 பொங்கலையொட்டி, கும்பகோணத்தை அடுத்த எங்கள் கிராமத்தில் மூன்று வாரம் தங்கினேன். திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையத்தில், சக்கர நாற்காலியோடு வந்த இளைஞர், “மெதுவா எழுந்திருங்க சார், நான் நிக்கிறேன்” என்றார். இந்த நோய்க்காரருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. தசையை எவ்வளவு வேகமாக நீட்டுகிறோமோ, அவ்வளவுக்கு அது எதிர்த்து இறுகும். ஒரு ரயில் நிலையத்தில் அதற்கு நேர்மாறாக நடந்தது. நடைமேடை தாழ்வாகவும் பெட்டியின் படி உயரமாகவும் இருக்க, நல்லெண்ணத்தோடு இருவர் என் கைகளைப் பற்றி இழுத்ததில், இரண்டு கால்களும் பலகைபோல் விறைத்து, முழங்கால்கள் ஒன்றோடொன்று உரச, வாசற்படியிலேயே விழுந்தேன்.

அண்ணன் முன்பு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் முகாமுக்குப் போனபோது, படுக்கவைத்துப் பாதத்தை அழுத்திப் பார்த்து, ‘பலம் இருக்கிறதே’ என்று அனுப்பிவிட்டார்களாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பல பலன்களுக்குக் குறைந்தது 40 சதவீதப் பாதிப்பு என்ற சான்று தேவை. ஆனால் எங்களுடைய பாதிப்பு நடக்கும்போதுதான் முழுமையாகத் தெரியும். இம்முறை நானும் உடன் சென்று, அவரை நடக்கவைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். பார்த்தார்கள், குறித்துக்கொண்டார்கள், அட்டை இன்னும் வரவில்லை.

மனம் நிறைந்தது வீட்டுத் திண்ணையில்தான். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இயன்முறை மருத்துவரான ஓர் இளம்பெண் அண்ணனுக்காக வீட்டுக்கே வருகிறார். குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, முன்கையைப் பாதத்தின் அடியில் அணைத்து, மிக மெதுவாக மேல்நோக்கி அழுத்தினார். பாதம் துடிதுடிவென்று நடுங்கத் தொடங்கியதும், அழுத்தத்தைக் குறைத்து நடுக்கம் அடங்கும்வரை காத்திருந்து, பிறகுதான் இன்னும் சற்று அழுத்தினார். அந்தப் பனிக்காலக் காலையில் அண்ணன் ஊன்றுகோலோடு வாய்க்கால் மதகு வரை நடந்தார்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். தசை விறைப்பைத் தளர்த்தும் பேக்லோஃபென் மாத்திரை பக்கத்து மருந்துக்கடையில் இல்லாததால், தீர்ந்துபோனால் நாலு நாள் போடாமல் இருந்துவிடுவது அண்ணனின் வழக்கம். திடீரென நிறுத்தினால் விறைப்பு பலமடங்கு கூடும், வலிப்புகூட வரலாம். தஞ்சாவூரிலிருந்து ஒரே நாளில் வரவழைக்க முடிந்தது. ஒரு பட்டை மீதமிருக்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிடும்படி அண்ணியிடம் ஏற்பாடு செய்தேன்.

வாசலில் கிடந்த எங்கள் இருவரின் செருப்புகளும், தரையில் உரசி உரசி, முன்நுனியில் ஒரே இடத்தில் தேய்ந்திருந்தன. கும்பகோணத்தில் செருப்புத் தைக்கும் பெரியவர் அண்ணனுடைய செருப்பின் நுனியில் ஏற்கெனவே டயர்த் துண்டு வைத்துத் தைத்துக் கொடுத்திருந்தார். புறப்படுவதற்கு முதல் நாள், என்னுடையதையும் அவரிடம் கொடுத்துத் தைத்து வாங்கிக்கொண்டேன்.