தேதி போட்ட திட்டமா, எண் போட்ட திட்டமா?

வெளிநாட்டில் பாடம் நடத்துபவருக்குக் கால அட்டவணை மாறுவதைவிட, மாறிய செய்தி கடைசியாகத் தன் காதுக்கு வருவதுதான் பெரிய தொல்லை. ஆசிரியர் குழுவில் உள்ளூர் மொழியில் வந்த அறிவிப்பை மொழிபெயர்த்துப் படிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

இதைச் சமாளிக்க இரண்டு வழிகள் உண்டு. பருவம் முழுவதற்கும் தேதிவாரியாகப் பாடங்களை அடுக்கி, நடுவே சில நாட்களைக் காலியாக விட்டுவைப்பது ஒன்று. தேதியே போடாமல் பாடங்களுக்கு எண் மட்டும் கொடுத்து, வகுப்பு நடக்கும்போதெல்லாம் அடுத்த எண்ணை எடுப்பது மற்றொன்று.

குழப்பத்தின் அளவு முன்கூட்டியே தெரிந்த இடங்களில் முதல் வழி போதும். வளைகுடா நாடுகளில் ரமலான் 29-ஆம் நாள் மாலை பிறை தெரிகிறதா என்பதைப் பொறுத்தே பெருநாள் முடிவாகும். வித்தியாசம் ஒரே நாள்தான். ஹாங்காங்கில் 8-ஆம் எண் புயல் எச்சரிக்கை ஏற்றப்பட்டால் எல்லாப் பள்ளிகளுக்கும் விடுமுறை. அதுவும் பெரும்பாலும் ஓரிரு நாளில் முடிந்துவிடும். தென்கொரியாவில் 2023 அக்டோபர் 2-ஐத் தற்காலிக விடுமுறையாக்கும் முடிவு செப்டம்பர் தொடக்கத்தில்தான் வந்தது. காலி நாள் வைத்திருந்தவர் அலட்டிக்கொண்டிருக்க மாட்டார்.

சீனாவில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே நீண்ட விடுமுறைக்கு ஈடாக வார இறுதியில் வேலை செய்ய வேண்டும். 2025 மே 1 முதல் 5 வரை விடுமுறை. அதற்காக ஏப்ரல் 27, ஞாயிற்றுக்கிழமை, வேலைநாளானது. தேதிகளை அரசு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே அறிவித்துவிடுகிறது. ஆனால் அந்த ஞாயிறு எந்தக் கிழமையின் அட்டவணைப்படி நடக்கும் என்பதைப் பள்ளிதான் சொல்ல வேண்டும். சில பள்ளிகள் அதைச் சாவகாசமாகச் சொல்லும். திங்கள் அட்டவணை என்றால், திங்கட்கிழமைப் பிரிவுக்கு இழந்த வகுப்பு திரும்பக் கிடைக்கும்; வியாழன், வெள்ளிப் பிரிவுகளுக்குப் போனது போனதுதான். ஒரே வகுப்பின் அ பிரிவு 14-ஆம் பாடத்தில் நிற்க, இ பிரிவு 13-இல் நிற்கும். தேதி போட்ட திட்டத்தில் இதைச் சரிசெய்ய உட்கார்ந்தால் பருவம் முழுவதையும் அழித்து எழுத வேண்டும். எண் முறையில் பிரிவுக்கு ஒரு வரி, அதில் கடைசியாக முடித்த எண், அவ்வளவுதான். என் ஓட்டு இதற்கே.

ஆனால் பொதுத்தேர்வு வகுப்புகளுக்கு எண் முறை ஆகாது. கேம்பிரிட்ஜ், ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலரேட்) போன்ற பன்னாட்டுப் பாடத்திட்டத் தேர்வுகள் நம் வசதிக்காகத் தள்ளிப்போகப் போவதில்லை. தேர்வு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித் தேதி போடுவதே அங்கு பாதுகாப்பு. தவிர, வாராந்திரத் திட்டத்தைத் தேதியோடு கேட்கும் மேலாளர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேதி போட்ட தாளைக் கொடுத்துவிட்டு, எண் போட்டதை நாம் கையில் வைத்துக்கொள்ளலாம்.

இணையவழி வகுப்பை மூன்றாவது வழி என்பார்கள். 2024 ஏப்ரலில் ஐக்கிய அமீரகத்தை மழை மூழ்கடித்தபோது பள்ளிகள் அதற்குத்தான் மாறின. பெரிய பிள்ளைகளுக்குச் சரி; சிறுவர்களிடம் பாதி நேரம் ஒலிவாங்கியைத் திறக்கச் சொல்வதிலேயே கழியும்.

மணிக்கணக்கில் ஊதியம் வாங்குபவருக்கு மட்டும் கணக்கே வேறு: வகுப்பு ரத்தானால் பணமும் ரத்து. அவருக்கு இணையவழி வகுப்புதான் முதல் தேர்வு. பள்ளியே ரத்து செய்த வகுப்புக்கு ஊதியம் உண்டா, ஈடு செய்யும் ஞாயிறு தனிக் கணக்கா என்ற இரண்டையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.