‘மூக்கு மேல பாக்குதுங்களா, கீழ பாக்குதுங்களா?’: மேட்டுப்பாளையம் ரெக்கவரி வண்டி ஒன்றைப் பற்றி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பழுதாகி நின்ற காரை ஏற்றிக்கொண்டு போகும் இந்த ரெக்கவரி வண்டிக்காரரின் பெயரையோ நம்பரையோ இங்கே போடப் போவதில்லை. போடட்டுமா என்று கேட்டேன். "வேண்டாங்க, வர்ற போனையே எடுத்து முடியறதில்ல" என்றார். நிஜம்தான், நான் கூப்பிட்டபோதே மூன்றாவது தடவைதான் எடுத்தார். மேட்டுப்பாளையத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். ஒரே வண்டி, கூட ஒரு பையன். அவ்வளவுதான் கம்பெனி.

போன ஜூனில் அத்தையை மேட்டுப்பாளையத்தில் கண் டாக்டரிடம் காட்டிவிட்டு குன்னூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் அத்தைக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை. கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் பர்லியார் வந்தது மட்டும் மூக்கிலேயே தெரிந்துவிட்டது. நிறுத்து என்றார். அரைப் பலாப்பழம் வாங்கிப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு ஏறினோம்.

மரப்பாலம் பக்கம், 9-வது கொண்டை ஊசி வளைவைத் தாண்டி ஒரு நூறு அடி போயிருப்போம். சத்தமே இல்லாமல் இன்ஜின் நின்றுவிட்டது. திரும்ப ஸ்டார்ட் செய்தால் மோட்டார் வழக்கத்தைவிட வேகமாக, பிடிமானமே இல்லாத மாதிரி சர்ரென்று சுற்றியது. இன்ஜினுக்குள் வால்வுகளை ஓட்டும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கிறது. வண்டி 2015 ஆல்டோ 800. பெல்ட்டை மாற்றிவிடுங்கள் என்று என் மெக்கானிக் இரண்டு முறை சொல்லியிருந்தார். தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது என் தப்பு.

ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டு, பின் சக்கரத்துக்கு அண்டையாக ஒரு கல் வைத்தேன். அத்தையை மலைச்சரிவை ஒட்டி, வண்டிக்கு மேல்பக்கமாகக் கொஞ்சம் தள்ளி நிற்க வைத்தேன். அவர் பலாப்பழத்தையும் இறக்கி மடியில் வைத்துக்கொண்டு ஒரு திட்டில் உட்கார்ந்தார். 2023 செப்டம்பர் கடைசியில் தென்காசிப் பக்கத்து ஆட்கள் வந்த சுற்றுலா பஸ் விழுந்ததும் இந்த மரப்பாலம் அருகில்தான். அந்த நினைப்பு வந்த பிறகு கை நிலையாக நிற்கவில்லை.

இன்ஷூரன்ஸில் ‘ரோட்சைட் அசிஸ்டன்ஸ்’ என்று தனியாகப் பணம் கட்டியிருந்தேன். எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை, எல்லாம் ஒரே லட்சணம்தான் என்கிறார்கள். எட்டு நிமிடம் பாட்டுப் போட்டுவிட்டு ஒரு பெண் வந்தார். பின்கோடு கேட்டார். நடுக்காட்டில் நின்றுகொண்டு என்ன பின்கோடு சொல்வது? குன்னூர் ரோடு என்றேன். "கண்ணூர், கேரளாதானே மேடம்?" என்றார். அவரைக் கேரளாவிலிருந்து நீலகிரிக்குக் கூட்டிவர இன்னும் நாலு நிமிடம் ஆனது. கடைசியில், வண்டி கோயம்புத்தூரிலிருந்து வரும், மூன்றரை மணி நேரம் ஆகலாம் என்றார். மணி அப்போது நாலரை. எதிர்ச்சரிவில் எங்கேயோ மலை ரயில் ஊதிக்கொண்டு இறங்கியது.

அப்போதுதான் ஒரு பிக்கப் நின்றது. காய்கறி இறக்கிவிட்டு காலியாக மேலே போகும் வண்டி. "கட்டி இழுத்துட்டுப் போயிரலாம்க்கா, அரை மணி நேரம்" என்றார் டிரைவர். நல்ல மனசு, அதில் சந்தேகமில்லை. லோடு கட்டும் நைலான் கயிறை இரண்டு மடிப்பாக எடுத்தார். ஆல்டோவின் பம்பருக்கு அடியில் கையை விட்டு, அகப்பட்ட ஏதோ ஒரு கம்பியில் முடிச்சுப் போட்டார். இழுப்பதற்கென்றே கீழே ஒரு வளையம் இருக்கிறது என்று எனக்கும் அன்றைக்குத் தெரியாது.

இன்ஜின் ஓடாத காரில் ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்தவர்களுக்குத்தான் அது புரியும். பிரேக் பெடல் முதல் இரண்டு மிதிக்கு வழக்கம்போல் இறங்கியது. மூன்றாவது மிதிக்குக் கருங்கல். பிரேக்குக்கு உதவும் வேக்கம், அதாவது காற்றை உறிஞ்சும் இழுப்பு, இன்ஜினிலிருந்து வருவது, இன்ஜின் இல்லையென்றால் மிச்சமிருப்பது நம் கால் பலம் மட்டும்தான். பிரேக் வேலை செய்யாமல் போகவில்லை, ஆனால் இரண்டு காலையும் வைத்து எழுந்து நிற்கிற மாதிரி மிதிக்க வேண்டும். பவர் ஸ்டியரிங்கும் அப்படியே, ஆட்டுக்கல் சுற்றுவது போல. அடுத்த திருப்பத்தில் பிக்கப் கியர் மாற்றிய அந்த ஒரு நொடியில் கயிறு தொய்ந்தது. என் கார் பின்னால் உருண்டது. அவர் ஆக்சிலேட்டரை மிதிக்க, கயிறு வெடுக்கென்று இறுகி, படீரென்று அறுந்து, ஒரு நுனி பானெட்டில் சாட்டை மாதிரி விழுந்தது. ஹேண்ட் பிரேக்கை நான் இழுத்த இழுப்பில் கேபிள் கையோடு வராதது என் அதிர்ஷ்டம். நாலடி உருண்டு நின்றது. பானெட்டில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது.

எங்கள் அப்பா குன்னூர் லோகோ ஷெட்டில் வேலை பார்த்தவர். மலை ரயிலில் ஏறும்போதும் இறங்கும்போதும் இன்ஜின் ஏன் எப்போதும் பள்ளத்துப் பக்கமே இருக்கிறது என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "கொக்கி விட்டுப்போனா பெட்டி எங்கே போகும்னு யோசி" என்பார். நாற்பது வருடம் கழித்து, நைலான் கயிறு அறுந்த பிறகு யோசித்தேன்.

பிக்கப்காரர் முகம் வெளுத்துவிட்டது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், நானும்தானே தலையாட்டினேன். கட்டி இழுப்பதென்றால் இரண்டு வண்டிக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, பின்வண்டியில் லைசென்ஸ் உள்ள ஆள் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும் என்று 1989 சாலை விதிகளிலேயே எழுதி வைத்திருந்தார்கள். அப்புறம்தான் தேடிப் படித்தேன். எங்கள் இரண்டு பேரிடமும் அன்று லைசென்ஸ் மட்டும்தான் சரியாக இருந்தது.

அந்த நேரத்துக்கு ஊட்டி பஸ் வந்தது. கைகாட்டி நிறுத்தி அத்தையை ஏற்றிவிட்டேன். விஷயத்தைக் கேட்ட கண்டக்டர், போனை எடுத்து ஒரு நம்பர் சொன்னார். "கயிறுகியிறு கட்டாதீங்க, இவர் வருவார்."

இனிதான் ரெக்கவரிக்காரர். போனை எடுத்ததும் பெயர் கேட்கவில்லை, பாலிசி நம்பர் கேட்கவில்லை. "எத்தனாவது வளைவுங்க?" சொன்னேன். "மூக்கு மேல பாக்குதுங்களா, கீழ பாக்குதுங்களா?" மேலே. "மண் பக்கமா, பள்ளத்துப் பக்கமா?" மண் பக்கம். "கியர் வண்டியா, ஆட்டோமேட்டிக்கா?" கியர். "சரிங்க, ஒரு மணி நேரம் ஆகும். வண்டிக்குள்ள உட்காராதீங்க. பழம் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

பலாப்பழம் இருந்தது, பஸ்ஸில் போய்விட்டது என்றேன். "நல்லதுங்க" என்று வைத்துவிட்டார். பலா சீசனில் பர்லியார் பக்கம் யானை ஏறும் என்பது இந்த ரோட்டில் போய்வரும் எல்லாருக்கும் தெரியும். பின்சீட்டில் பழத்தை வைத்துக்கொண்டு நிற்பதன் பொருள் மட்டும் அவர் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. சீட்டில் ஒட்டியிருந்த பிசினைத் துப்பட்டாவால் துடைத்தேன். அது போகவில்லை, இன்றைக்கும் போகவில்லை.

அந்த நாலு கேள்வியில் அவருக்குத் தேவையான எல்லாம் வந்துவிட்டது. மூக்கு மேலே பார்த்தால் அவர் என்னைத் தாண்டிப் போய் நிறுத்தி, பின்னோக்கி வந்து, காரை ஏற்றும் தட்டைச் சாய்த்து இறக்க வேண்டும். பள்ளத்துப் பக்கம் என்றால் இன்னொரு ஆள் வேண்டும். ஆட்டோமேட்டிக் என்றால், இன்ஜின் ஓட்டும் சக்கரம் தரையில் படவே கூடாது. இன்ஜின் ஓடாதபோது கியர்பாக்ஸுக்குள் ஆயில் போகாது, இழுக்க இழுக்க உள்ளே தேய்ந்துபோகும். மேலே ஊட்டியில் யாரோ ஒரு டூரிஸ்ட் ஆட்டோமேட்டிக் காரைக் கயிறு கட்டி இழுத்துவிட்டு, கடைசியில் கியர்பாக்ஸையே மாற்றிய கதையை வரும் வழியில் சொன்னார். கரன்ட் காரையும் அப்படி இழுக்கக் கூடாதாம்.

ஒரு மணி நேரம் என்றவர் ஒன்றரை மணி நேரத்தில் வந்தார். ஆறேகால். பனிமூட்டம் இறங்கிவிட்டது. வந்ததும் காரைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்தார். வளைவுக்குக் கீழே ஒரு சிவப்பு முக்கோணம், மேலே ஒன்று. பையன் கையில் டார்ச். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

தட்டைச் சாய்த்து இறக்கி, வின்ச் என்கிற இழுவை உருளையின் கம்பியை இழுத்து வந்து, காரின் அடியில் டார்ச் அடித்து அந்த வளையத்தை எனக்கும் காட்டிவிட்டு மாட்டினார். பிறகு ஒரு ஈரச் சாக்கை நாலாக மடித்துக் கம்பியின் நடுவில் போட்டார். எதற்கு என்றேன். "அறுந்தா பறக்காதுங்க, சாக்கோட கீழ விழுந்துரும்." என் பானெட்டைப் பார்த்தேன். அவரும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பையனின் வேலை. சாவியைப் போட்டு ஸ்டியரிங் லாக்கை எடுத்துவிட்டு, நியூட்ரலில் வைத்து வின்ச் இழுக்கத் தொடங்கியதும், அவன் காருக்குப் பின்னால் நிற்கவில்லை. பக்கவாட்டில் குனிந்து, நீளமான கைப்பிடி வைத்த மரக்கட்டை ஒன்றைப் பின் சக்கரத்தோடு ஒட்டித் தள்ளிக்கொண்டே வந்தான். சக்கரம் ஒரு அடி ஏறினால் கட்டையும் ஒரு அடி. கம்பி விட்டுப்போனாலும் கார் விரல்கடைகூடக் கீழே வராது. அப்பா பார்த்திருந்தால் அவனை ஷெட்டுக்குக் கூட்டிப் போயிருப்பார்.

தட்டில் ஏறியதும் நாலு சக்கரத்துக்கும் பெல்ட் போட்டு, பெல்ட்டை முறுக்கும் ராட்செட்டை இறுக்கினார். பாடியில் எங்கேயும் கட்டவில்லை, டயர் மேல்தான். கால் கிலோமீட்டர் போய் ஓர் அகலமான இடத்தில் நிறுத்தி, இறங்கி மறுபடி நாலையும் இறுக்கினார். காரிலேயே உட்கார்ந்து வரலாமா என்று கேட்டேன், மழை தூறிக்கொண்டிருந்தது. "தட்டு மேல ஆள் ஏத்த மாட்டேனுங்க" என்று ஒரே பேச்சு.

கிளம்பும் முன் இன்னொன்று. நான் வைத்த கல், பிக்கப்காரர் ஒடித்துப் போட்ட தழை, எல்லாவற்றையும் பையனை விட்டு ஓரம் தள்ளச் சொன்னார். இந்த ரோட்டில் வண்டியைச் சரி பண்ணிக்கொண்டு போகிறவர்கள் பாதிப் பேர் கல்லை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். இரவில் பைக்கில் வருகிறவன் கதி என்ன? இது எனக்குப் பல வருடக் கோபம், இங்கே கொட்டிவிடுகிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கேபினில் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு, பீடி நாற்றத்தோடு, ஜன்னல் கண்ணாடி பாதிக்கு மேல் ஏறாமல் வந்தோம். ஆறு மணிக்கு மேல் 500 ரூபாய் கூடுதல் என்பதை இறக்கிவிட்ட பிறகுதான் சொன்னார். போனிலேயே சொல்லியிருந்தால் மறுத்திருக்க மாட்டேன், ஆனால் சொல்லியிருக்க வேண்டும். முன் நம்பர் பிளேட் தட்டின் விளிம்பில் இடித்து வளைந்தது. அதை அவரே கையால் நிமிர்த்திவிட்டார், ஆனால் நேராக இல்லை. மொத்தம் 5,000. குன்னூரில் பெட்ஃபோர்டு பக்கம் மெக்கானிக் கடை வாசலில் இறக்கினார். ரசீது கேட்டதற்கு ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். அதை இன்ஷூரன்ஸுக்கு அனுப்பினேன். செல்லாது என்று பதில் வந்தது, நியாயம்தான். நீங்கள் கூப்பிட்டால் முன்னாலேயே முறையான பில் கேட்டுக்கொள்ளுங்கள், மேட்டுப்பாளையத்தில் பில் புக் வைத்திருக்கிறாராம், வண்டியில்தான் இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டிய வண்டி என்ன ஆனது என்று கேட்பீர்கள். இரவு ஒன்பதே காலுக்குப் போன் வந்தது. "மேடம், மரப்பாலத்தில் உங்கள் வண்டியைக் காணோம்." நான் வீட்டில் பலாச்சுளை தின்றுகொண்டிருந்தேன்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். நம்பர் வேண்டுமென்றால் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் மேட்டுப்பாளையம் வண்டிக் கண்டக்டர்களிடம் கேட்டுப் பாருங்கள், நான் கேட்ட மூன்று பேர் போனிலும் இருந்தது. ரோட்டில் நின்ற பிறகு கேட்காதீர்கள், அங்கே சிக்னல் ஒரு கோடுதான். மூன்று முறையாவது அடியுங்கள், மூன்றாவது தடவை எடுப்பார்.