பிளாஸ்மா மேசைத்தளத்துக்கு டெபியனா, ஃபெடோராவா?

கேடிஇ பிளாஸ்மா என்ற கட்டற்ற மேசைத்தளத்தை (பட்டி, பொத்தான்கள், சாளரங்கள் எனத் திரையில் நாம் காணும் இடைமுகத்தை)ப் பயன்படுத்துவது என்று முடிவு செய்தவருக்கு அடுத்து எழும் கேள்வி, அதை டெபியன், ஃபெடோரா ஆகிய லினக்ஸ் இயங்குதளங்களில் எதன் மீது நிறுவுவது என்பதுதான். 2024 பிப்ரவரியில் வெளியான பிளாஸ்மா 6, இரண்டே மாதங்களில் ஃபெடோரா 40 வழியாகப் பயனர்களுக்குக் கிடைத்துவிட்டது. டெபியனின் நிலையான பதிப்பிலோ, 2025 ஆகஸ்டில் டெபியன் 13 வரும்வரை பழைய 5.27 பதிப்பே நீடித்தது.

இந்தத் தாமதத்தைக் குறையாக மட்டும் பார்ப்பது நியாயமன்று. ஃபெடோராவின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 13 மாதங்களே ஆதரவு உண்டு என்பதால், ஆண்டுக்கு ஒருமுறையாவது முழு இயங்குதளத்தையும் மேம்படுத்தியாக வேண்டும். டெபியனில், நீண்டகால ஆதரவையும் சேர்த்தால், 5 ஆண்டுகள் நிம்மதியாக இருக்கலாம். பலர் மாறி மாறிப் பயன்படுத்தும் நூலகக் கணினியில் பட்டியும் பொத்தான்களும் நேற்று இருந்த இடத்திலேயே இன்றும் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்பதை, அங்கே முதன்முறையாகச் சுட்டியைப் பிடிக்கும் முதியவரின் கையைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

காப்புரிமை காரணமாக, எச்.264 என்ற பரவலான வடிவத்தில் உள்ள நிகழ்படங்களுக்கான முழுமையான ஆதரவை ஃபெடோரா தன் மென்பொருள் களஞ்சியத்தில் தருவதில்லை. ஆர்பிஎம் ஃபியூஷன் என்ற வெளிக் களஞ்சியத்தைத் தனியே சேர்க்க வேண்டும். டெபியனில் இந்த வேலை இல்லை. தமிழ்99 தட்டச்சு இரண்டிலும் கிடைக்கிறது.

அண்மையில் வாங்கிய மடிக்கணினிக்கு மட்டும் ஃபெடோராவையே பரிந்துரைப்பேன். புதிய வன்பொருளுக்குத் தேவையான கருநிரல் (இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னல்) அதில் தொடர்ந்து புதுப்பிக்கப்படுகிறது, டெபியன் 13 இயல்பாகக் கருநிரலின் 6.12 வரிசையிலேயே நிற்கிறது.