காப்பர் ஃபாயில் சால்டரிங்: சில மழைக்காலங்கள் கடந்த பிறகு

வண்ணக் கண்ணாடி வேலையில் புதிதாக இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த சால்டரிங் அயன் வாங்கலாம் என்றுதான். அதற்கும் கீழே பதில் இருக்கிறது. ஆனால் திருவான்மியூரில், கடற்காற்று நேராக வந்து மோதும் ஓர் அறையில் சில ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவரும் எனக்கு அதைவிட முக்கியமான கேள்வி வேறு. முடித்த அன்று கண்ணாடிபோல் மின்னும் சால்டர் கோடு, இரண்டு மூன்று ஐப்பசி அடைமழையைப் பார்த்தபின் எப்படி இருக்கும்? பொருள்களை அந்தக் கணக்கில் வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

முறை தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. வெட்டிய ஒவ்வொரு கண்ணாடித் துண்டின் விளிம்பிலும் பசை தடவிய மெல்லிய செம்பு நாடாவை, அதாவது ஃபாயிலை, சுற்றி, துண்டுகளைச் சேர்த்து வைத்து, இருபுறமும் சால்டர் என்ற பற்றவைக்கும் உலோகக் கலவையை உருக்கி ஓட்டுவது. தேவாலயச் சன்னல்களில் நாம் பார்க்கும் தடித்த ஈயச் சட்ட வேலை வேறு, இது வேறு. ஈயச் சட்டத்தால் வளைய முடியாத நுணுக்கமான வளைவுகளுக்கு ஃபாயில் வளைந்து கொடுக்கும். நியூயார்க்கில் லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனியின் பட்டறை விளக்குக் கூண்டுகளால் புகழ்பெற்றதற்கு இந்த முறையே அடிப்படை. அங்கே பெண்கள் பிரிவை நடத்திய கிளாரா டிரிஸ்கால்தான் அந்த விளக்குகளில் பலவற்றை வடிவமைத்தவர் என்பது, அவருடைய கடிதங்கள் வெளிவந்து, 2007இல் நியூயார்க்கில் கண்காட்சி நடந்த பிறகுதான் பரவலாகத் தெரிந்தது. விஸ்டீரியா என்ற பூங்கொடியின் வடிவில் அங்கே செய்த ஒரு விளக்கின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நகக்கண் அளவுத் துண்டுகளுக்கும் ஃபாயில் சுற்றியிருக்கும் பொறுமை புரியும்.

ஃபாயிலில் நான் கடைசியில் நிலைத்துவிட்டது 7/32 அங்குல அகலம். 3 மில்லிமீட்டர் கண்ணாடிக்கு அது இருபுறமும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் மடிப்பு தருகிறது. 3/16 அங்குலம் கோட்டை அழகாக மெலிதாக்கும். ஆனால் பிடிப்பு குறைவு. துண்டு சற்றுத் தள்ளி உட்கார்ந்தாலும் ஒரு பக்கம் மடிப்பே இல்லாமல் போகும். தொடங்குகிறவர்கள் அதை வாங்க வேண்டாம். மேடுபள்ளமான கண்ணாடிக்குக் கால் அங்குலம். ஒளி ஊடுருவும் கண்ணாடி என்றால் ஃபாயிலின் உட்பக்க நிறத்தையும் பாருங்கள். விளிம்பு வழியே அந்த நிறம் உள்ளே தெரியும். பிறகு கருப்பு பேட்டினா (சால்டர் கோட்டின் நிறத்தை மாற்றும் திரவம்) பூசப் போகிறீர்கள் என்றால் உட்பக்கம் கருப்பாக உள்ள ஃபாயில்தான் பொருந்தும்.

நம் ஊர் ஈரத்தில் செம்பு சீக்கிரம் மங்கிவிடுகிறது. மங்கிய செம்பில் சால்டர் பரவாது. உருண்டு விலகி ஓடும். உருளையைப் பிரித்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத பையில் போட்டுவிடுகிறேன். மங்கியிருந்தால், சுற்றி முடித்த பின் மிக மெல்லிய எஃகுப் பஞ்சால் இலேசாகத் தேய்த்தால் போதும். கண்ணாடி விளிம்பை அரைத்துச் சீராக்கும் கிரைண்டரிலிருந்து வந்த துண்டை நன்றாகக் கழுவி உலர்த்தாமல் ஃபாயில் ஒட்டவே கூடாது. வெட்டும்போது விட்ட எண்ணெயும் அரைத்த கண்ணாடிப் பொடியும் பசைக்கு எமன். ஒட்டியபின் மூங்கில் குச்சியாலோ மழுங்கிய பிளாஸ்டிக் முனையாலோ மூன்று பக்கமும் அழுத்தித் தேய்த்து, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் படிய வைக்க வேண்டும். சுருக்கம் இருந்தால் அதன் வழியே ஃப்ளக்ஸ், அதாவது சால்டர் செம்பில் பிடிக்கப் பூசும் பொருள், உள்ளே இறங்கும். ஃபாயில் தூக்கிக்கொள்வதன் தொடக்கம் பெரும்பாலும் அங்கேதான்.

இனி அயன். எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கான 25 வாட் அயனை இதற்குக் கொண்டுவராதீர்கள். அதன் கூர்முனை, கண்ணாடியும் செம்பும் இழுத்துக்கொள்ளும் சூட்டை ஈடுகட்ட முடியாமல் திணறும். நான் பயன்படுத்துவது ஹாக்கோ எஃப்எக்ஸ்-601. கைப்பிடியில் உள்ள சக்கரத்தால் 240 முதல் 540 டிகிரி செல்சியஸ் வரை சூட்டை மாற்றலாம். பெரும்பாலான வேலையை 380ஐ ஒட்டியே செய்கிறேன். விளிம்புகளுக்கு இன்னும் சற்றுக் குறைப்பேன். நீண்ட கோட்டை ஓட்டும்போதும் சூடு இறங்காமல் நிற்பதுதான் இதன் பெரிய நற்குணம். முனை தேய்ந்தால் முனையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். விலை அதிகம்தான். ஆனால் இந்தக் கலையில் பணத்தை எங்காவது போடுவதாக இருந்தால் இங்கே போடுங்கள். சூட்டைக் கட்டுப்படுத்த முடியாத அயனோடு மல்லுக்கட்டியே பலர் இந்த வேலையை விட்டுவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

முனை கறுத்துப்போனால் நவச்சாரக் கட்டியில் தேய்த்து, சற்று சால்டரை உருக்கினால் மீண்டும் வெள்ளியாகிவிடும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் பயன்படுத்தும் அதே நவச்சாரம்தான். புகை மூக்கைத் துளைக்கும்; சன்னலைத் திறந்து வையுங்கள்.

சால்டர் விஷயத்தில் கவனம் தேவை. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் 60/40 என்று கேட்டால் கொடுக்கும் மெல்லிய கம்பிக்குள் பெரும்பாலும் ரோசின் என்ற பிசின் இருக்கும். அது கோட்டின்மேல் பழுப்புக் கறையாகப் படியும். நமக்கு வேண்டியது உள்ளே எதுவும் இல்லாத, சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனான கம்பி. 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம் கலந்தது 183 டிகிரியில் இளகத் தொடங்கி 190ஐ ஒட்டி முழுக்க உருகிவிடும். 50/50 கலவையும் அதே 183இல்தான் இளகத் தொடங்கும். ஆனால் முழுக்க உருக 210ஐத் தாண்ட வேண்டும். இந்த இடைவெளிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 60/40இல் அயனை நகர்த்தியதும் கோடு ஒரு கணம் ஆடிபோல் பளபளக்கும். அடுத்த கணமே அந்தப் பளபளப்பின்மேல் மெல்லிய திரை விழுந்ததுபோல் மங்கி உறையும். உறைந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். 50/50இல் இந்த இடைநிலை நீளும், சேறுபோல் கிடக்கும். அந்த நேரத்தில் பலகை அசைந்தால் கோட்டில் சுருக்கம் விழுந்துவிடும். மேடாக, உருண்டையாக, சீராக எழும் கோடு வேண்டுமென்றால் 60/40தான். துண்டுகளுக்கிடையே அகலமான இடைவெளி இருந்து சால்டர் கீழே ஒழுகும் என்றால் மட்டும் முதல் பூச்சுக்கு 50/50 எடுக்கிறேன்.

கோடு எழுப்பும்போது முனையைத் தட்டையாக, கோட்டின் நடுவில் வைத்துக் கம்பியை முனையில் ஊட்டிக்கொண்டே மெதுவாக இழுங்கள். வண்ணம் தீட்டுவதுபோல் முன்னும் பின்னும் தடவாதீர்கள். ஓர் இடம் அதிகம் சூடேறினால் மறுபுறம் சொட்டிவிடும். அப்போது அந்த இடத்தை ஆறவிட்டு வேறு மூலைக்குப் போய்விடுவதுதான் நல்லது. அங்கேயே நின்று சரிசெய்ய முயன்றால் கண்ணாடி விரிசல் விடும்.

ஆண்டுகள் எனக்குத் திட்டவட்டமாகக் காட்டிய விஷயம் ஃப்ளக்ஸ். ஃப்ளக்ஸ் இல்லாமல் சால்டர் செம்பில் ஒட்டாது. துத்தநாகக் குளோரைடு கலந்த திரவ ஃப்ளக்ஸ் நன்றாக வேலை செய்யும். ஆனால் அது அரிக்கும் பொருள். என் வீட்டுச் சன்னலில் தொங்கும் துண்டுகளையும், நண்பர்கள் வெளியே வாங்கிவந்து என்னிடம் காட்டிய துண்டுகளையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். சால்டர் வேலை சுமாராக இருந்தும் நன்றாகக் கழுவியவை இன்றும் அப்படியே இருக்கின்றன. கோடு அற்புதமாக இருந்தும் சரியாகக் கழுவப்படாதவற்றில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. ஃபாயில் மடிப்பின் ஓரத்தில் பச்சை கசிந்திருக்கிறது. கடலோர ஈரத்தில் இது இன்னும் வேகமாக நடக்கிறது. எனவே முடித்த அன்றே, மறுநாளைக்குத் தள்ளாமல், சமையல் சோடா கரைத்த வெதுவெதுப்பான நீரில் மென்மையான பிரஷால் இருபுறமும் தேய்த்து, பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவி, நல்ல தண்ணீரில் அலசித் துணியால் ஒற்றி, மின்விசிறிக்குக் கீழே முழுக்க உலர்த்துகிறேன். திரவ ஃப்ளக்ஸைவிட ஜெல் வகை எனக்குப் பிடித்திருக்கிறது. வைத்த இடத்தில் நிற்கிறது. துண்டுகளுக்கு அடியில் ஓடி ஒளிவதில்லை.

பேட்டினா பூசுவதாக இருந்தால் அதன் பிறகும் ஒருமுறை கழுவி, கடைசியில் கார்னோபா மெழுகு இட்டுத் துடைத்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன், அந்த மெழுகைப் புதுப்பிக்கிறேன்.

காரீயம் பற்றிப் பயமும் அலட்சியமும் இரண்டுமே வேண்டாம். சால்டரிங் சூட்டில் காரீயம் சொல்லத்தக்க அளவில் ஆவியாகாது. மேலே எழும் புகை ஃப்ளக்ஸின் புகை. அதையும் சுவாசிக்கக் கூடாது என்பதால் முகத்திலிருந்து வெளியே இழுக்கும் விசிறி வேண்டும். காரீயம் உடலுக்குள் போவது கை வழியாக, வாய்க்கு. வேலை மேசையில் தேநீர் வைக்காதீர்கள். சமையலறையில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். சோப்பு போட்டுக் கை கழுவாமல் குழந்தையைத் தூக்காதீர்கள். காதணி, குழந்தை கையில் எடுத்துப் பார்க்கும் பொருள் என்றால் காரீயம் இல்லாத சால்டர்தான். அது 220 டிகிரிக்கு மேல் உருகும், கோடு அவ்வளவு வழவழப்பாக வராது, விலையும் கூடும். இருந்தாலும் அங்கே வேறு பேச்சுக்கு இடமில்லை.

தொங்கவிடும் கொக்கியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே விழுந்து உடைந்த துண்டுகளில் நான் பார்த்த காரணம் பெரும்பாலும் இதுதான். வெளிவிளிம்பின் ஃபாயிலில் மட்டும் கொக்கியைப் பற்றவைத்தால் முழு எடையும் அந்த மெல்லிய நாடாவில் தொங்கும். என்றாவது கிழிந்து வரும். இரண்டு துண்டுகள் சந்திக்கும் கோடு விளிம்பைத் தொடும் இடத்தில், கொக்கியின் காலை அந்தக் கோட்டுக்குள் சில மில்லிமீட்டர் இறக்கிப் பற்றவையுங்கள். உள்ளங்கையைவிடப் பெரிய துண்டு என்றால் வெளிவிளிம்பு முழுவதும் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி ஒன்றைச் சுற்றிப் பற்றவைத்துவிட்டு, அதன் பிறகு கொக்கியை வையுங்கள்.