8 × 42 பைனாகுலரும் ஒரு குரங்குக் குட்டியும்

விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சேர்த்து வைத்த 6,500 ரூபாயில் வாங்கிய 8 × 42 பைனாகுலரோடு வால்பாறை புதுத்தோட்டம் போனேன், சிங்கவால் குரங்குகளைப் பார்க்க.

எட்டு மடங்கு போதுமா என்று அண்ணன் கேட்டான். போதும். பத்து மடங்கில் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். 42 மி.மீ. லென்ஸை எட்டால் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 5.25 மி.மீ.; அதனால் காலை ஏழு மணி மரநிழலிலும் முகம் தெளிவாகத் தெரிந்தது.

பலா மரத்தில் அம்மா குரங்கு சுளையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. பிடரி மயிர் இன்னும் வளராத, வெளிறிய முகக் குட்டி, அதன் வாயருகே மூக்கை நீட்டி முகர்ந்தது. அப்புறம் அம்மாவை விட்டு இரண்டடி நகரும். இலை அசைந்தால் போதும், ஓடி வந்து வயிற்றைக் கட்டிக்கொள்ளும். ஒரே விலங்கைக் குறித்த நேரம் தொடர்ந்து கவனிக்கும் முறையை, விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜீன் ஆல்ட்மன் 1974இல் எழுதிய கட்டுரையிலிருந்து படித்திருந்தேன். பத்து நிமிடம் குட்டியை மட்டும் பார்த்தேன். நோட்டில் முதலில் “விளையாடுகிறது” என்று எழுதி, அடித்துவிட்டேன். அது என் ஊகம். “கிளையைக் கடித்தது, விட்டது, மீண்டும் கடித்தது” என்று திருத்தினேன்.

குறை? பெட்டியில் ‘நீர் புகாது’ என்று போட்டிருந்தார்கள். மூடுபனி இறங்கியதும் லென்ஸ் உள்பக்கமே வேர்த்துவிட்டது. துடைக்கவும் வழியில்லை, அரை மணி நேரம் போச்சு. அதற்குள் குட்டி, சாலைக்கு மேலே கட்டிய கயிற்றுப் பாலத்தில், அம்மா வயிற்றில் தொங்கியபடி அந்தப் பக்கம் போய்விட்டது. கழுத்து வாரும் அறுக்கிறது. கோடைக்கு மட்டும் என்றால் வாங்கலாம்.