தரையோடு ஒரு சண்டை: விண்வெளிக் காலத்து நான்கு நாற்காலிகள், இரண்டு விளக்குகள்

1957 அக்டோபர் 4 அன்று உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் மேலே போனது. 58 செ.மீ. விட்டத்தில் பளபளக்கும் ஓர் உருண்டை, நான்கு ஆன்டெனா, எடை 84 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு ஐரோப்பிய, அமெரிக்க வீடுகளுக்குள் அந்த உருண்டை பல வேடங்களில் நுழைந்தது. நாற்காலி உருண்டை, விளக்கு உருண்டை. 1970-இல் ஜப்பானின் ஜேவிசி விற்ற டிவி அச்சு அசல் விண்வெளி ஹெல்மெட்.

வடிவத்தைக் காப்பியடிப்பது பெரிய வித்தை இல்லை. எடையின்மையை எப்படிக் காட்டுவது? மிதக்கிற மாதிரி இருக்க வேண்டிய நாற்காலிக்குக் கீழே நான்கு கால் நின்றால் வேஷம் கலைந்துவிடும். ஆகவே காலை என்ன செய்தார்கள் என்பதை வைத்தே இவற்றை எடைபோடுகிறேன்.

டியூலிப் நாற்காலி முதலில். அமெரிக்க வடிவமைப்பாளர் ஈரோ சாரினென் நோல் என்ற அறைகலன் நிறுவனத்துக்காக வரைந்தது. மேசைக்கடியில் கால்கள் காடு மாதிரி மண்டிக் கிடப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் வழித்துப் போட்டுவிட்டு ஒற்றைத் தண்டில் நிறுத்தினார். இத்தனைக்கும் அவர் இதில் இறங்கியபோது ஸ்புட்னிக் பறந்திருக்கவே இல்லை. ‘விண்வெளி’ப் பட்டம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. முழு நாற்காலியும் ஒரே பொருளில் வர வேண்டும் என்பது அவர் ஆசை. அன்றைய பிளாஸ்டிக்குக்கு ஒற்றைக் காலில் ஆளைத் தாங்கும் வலு இல்லை. அதனால் மேலே கண்ணாடியிழை, கீழே வார்ப்பு அலுமினியம், இரண்டுக்கும் ஒரே வெள்ளைப் பூச்சு. அழகான பொய். ஆசை நிறைவேறாமலே 1961-இல் சாரினென் இறந்துபோனார்.

அந்த ஆசையை நிறைவேற்றியவர் டென்மார்க்கின் வெர்னர் பேன்டன். அவர் பெயரையே தாங்கிய நாற்காலியில் கால் என்று தனியாக எதுவும் கிடையாது. ஒரே பிளாஸ்டிக் உடம்பு ‘எஸ்’ எழுத்து மாதிரி வளைந்து, முன்பக்கம் இறங்கித் தரையில் பரவி, பின்பக்கத்தை அந்தரத்தில் விட்டுவிடுகிறது. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கவும் செய்யலாம். படம் போடுவது சுலபம், செய்வதுதான் பெரும்பாடு. விட்ரா நிறுவனம் 1967-இல் கொண்டுவந்த முதல் நாற்காலிகள் கண்ணாடியிழையில் கையால் செய்தவை. பிறகு கெட்டியான பாலியூரித்தேன் நுரை. 1971 முதல் மலிவான வேறொரு பிளாஸ்டிக். அது சில ஆண்டுகளில் விரிசல்விட, 1979-இல் உற்பத்தியையே நிறுத்தினார்கள். 1983-இல் மறுபடி நுரை. கடைசியாக 1999-இல் பாலிப்ரொப்பிலீன். எல்லோரும் வாங்கக்கூடிய விலையில் கிடைக்க வேண்டும் என்று பேன்டன் நினைத்த நாற்காலி ஒருவழியாக வந்தபோது அவரும் இல்லை. முந்தைய ஆண்டுதான் காலமாகியிருந்தார். நம் கல்யாண மண்டபங்களில் அடுக்கடுக்காக நிற்கும் பிளாஸ்டிக் நாற்காலியும் இதே பாலிப்ரொப்பிலீனை அச்சில் செலுத்தி ஒரே துண்டாக எடுப்பதுதான். பணக்கார அண்ணன், உழைப்பாளித் தம்பி.

அடுத்தவர் இன்னொரு ஈரோ, பின்லாந்தின் ஈரோ ஆர்னியோ. (சாரினெனும் பின்லாந்தில் பிறந்தவர்தான்.) இவருடைய ‘பால் சேர்’ (Ball Chair, அதாவது பந்து நாற்காலி) 1963-இல் சொந்த வீட்டுத் தேவைக்காகப் பிறந்தது. சுவரில் முழு அளவுப் படத்தை மாட்டி, அதன் முன் உட்கார்ந்து, தன் தலை எங்கே வருகிறது என்று மனைவியைக் குறிக்கச் சொன்னார். அதிலிருந்து உருண்டையின் அளவு கிடைத்தது. வாசலில் நுழையுமா என்றும் பார்த்துக்கொண்டார், பிழைக்கத் தெரிந்த மனிதர். 1966-இல் கொலோன் அறைகலன் கண்காட்சியில் வெளியானதும் ஆர்டர்கள் குவிந்தன. ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான விட்டம், கீழே சுழலும் பாதம். உள்ளே உட்கார்ந்தால் வெளியே கேட்கும் சத்தம் அடங்கிவிடும். தன்னுடையதில் அவர் தொலைபேசியே வைத்துக்கொண்டார். என் கணக்கில் இது நாற்காலியே இல்லை, கதவில்லாத சிறு அறை. காலை ஒளிப்பதில் இதற்குக் குறைந்த மதிப்பெண்தான். உட்காருகிறவரை உலகத்திலிருந்து பிரித்து எடுப்பதில் மற்ற மூன்றும் கிட்டவே வராது.

அந்த அறைக்குள் இருட்டு என்பது ஆர்னியோவுக்கே உறுத்தியிருக்கிறது. வெளிச்சம் உள்ளே வர வேண்டும் என்று 1968-இல் பபிள் சேர் செய்தார். சூடாக்கிய அக்ரிலிக் தகட்டைச் சோப்புக் குமிழி மாதிரி ஊதி, விளிம்பில் எஃகு வளையம். பார்க்க லட்சணமாக ஒரு கண்ணாடிக் கால் செய்ய வழி தெரியாததால் சங்கிலியில் கட்டி மேலேயிருந்து தொங்கவிட்டார். கால் பிரச்சினைக்கு இதைவிட நேர்மையான தீர்வு இல்லை. கூரையில் கொக்கி போட வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். அக்ரிலிக்கில் கீறல் விழுந்தால் குமிழியின் மாயம் போய்விடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1973 எண்ணெய் நெருக்கடியில் பிளாஸ்டிக் விலை ஏறியதும் இந்த மோகம் அடங்கியது.

விளக்குகளில் இரண்டை எதிரெதிரே வைக்கலாம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபெரா அரங்கில் 1966 முதல் தொங்கும் படிகச் சரவிளக்குகள் ஒன்று. வியன்னாவின் லோப்மைர் நிறுவனத்துக்காக ஹான்ஸ் ஹரால்ட் ராட் வடிவமைத்தவை, ஆஸ்திரிய அரசின் பரிசு. நட்சத்திரம் வெடித்தாற்போல எல்லாத் திசையிலும் கம்பிகள். அரங்குக்குள் இருப்பவை நிகழ்ச்சி தொடங்கும் முன் கூரையை நோக்கி மெல்ல ஏறும். அதைப் பார்க்கவே டிக்கெட் வாங்கலாம். அதே தினுசை எட்டடி உயர அறையில் மாட்டினால் தலையில் இடிக்கும்.

மற்றது விகோ மாஜிஸ்ட்ரெட்டி 1965-இல் ஆர்ட்டெமிடே நிறுவனத்துக்குச் செய்த எக்லிசே. உள்ளங்கைக்குச் சற்றுப் பெரிய மேசை விளக்கு. உள்ளே இன்னொரு அரைக்கோளம். அதைத் திருப்பத் திருப்ப பல்பு மறைந்து, கடைசியில் கிரகணம் மாதிரி ஒளி வளையம் மட்டும் மிஞ்சும். வெளிச்சத்தைக் குறைக்க மின்சாரக் கருவி எதுவும் வேண்டாம். 1967-இல் வடிவமைப்புக்கான இத்தாலியின் தங்கக் காம்பஸ் விருது கிடைத்தது. குறை ஒன்றே: உலோகக் கூடு இழை பல்பின் சூட்டில் காய்ந்துபோகும், திருப்பினால் விரல் சுடும். எல்இடி பல்பு போட்டால் அந்தக் குறையும் இல்லை. இந்த ஆறில் வாடகை வீட்டுக்கு ஒன்றை எடு என்றால் என் கை இதன்மேல்தான் போகும்.